ரெண்டு நூல் போல்ட்டும் வலை ஈயமும்: கேமரா ஆட்டம் எப்படி அடங்குது

தனுஷ்கோடி கடைசில இருக்க அரிச்சல்முனைல நடந்துக்கிட்டே எடுத்த வீடியோ பாதிக்கு மேல பாக்க முடியாது, தலை சுத்தும். எல்லாரும் காத்த குறை சொல்வாங்க, ஆனா காத்தவிட கெடுக்குறது நம்ம மணிக்கட்டுதான். கேமரா அப்படியே பக்கவாட்டுல ஒரு சென்டிமீட்டர் நகந்தா 200 மீட்டர் தள்ளி நிக்கிற வள்ளமும் அந்த ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தள்ளிப்போகும், கண்ணுக்கே தெரியாது. அதே கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பிச்சுனா வள்ளம் இருக்க எடத்துல மூணரை மீட்டர் தாவிரும். ரோட்டு பாலத்துல நின்னு ஜூம் போட்டு பாம்பன் ரயில எடுக்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஆக நிறுத்த வேண்டியது நகர்றத இல்ல, திரும்புறத.

ஒரு பொருள் திரும்பறதுக்கு எவ்ளோ அடம்புடிக்கும்ங்கறது அதோட எடை, அந்த எடை நடுவுல இருந்து எவ்ளோ தூரத்துல இருக்கு, இந்த ரெண்டுலதான் இருக்கு. இதுல தூரத்துக்குத்தான் மவுசு, ஏன்னா அது வர்க்கமா கணக்குல வரும். அரை கிலோவ 10 செ.மீ.ல வச்சா ஒரு பங்குனா, அதே அரை கிலோவ 30 செ.மீ.ல வச்சா ஒம்போது பங்கு, எடை ஒரு கிராம் கூடல. கயித்து மேல நடக்குற கழைக்கூத்தாடி நீளமான கம்பு வச்சிருக்கதும் இதுக்குத்தான். 1970கள்ல கேரட் பிரவுன் சினிமாவுக்கு செஞ்ச ஸ்டெடிகேம்ங்கற ஆட்டம் அடக்குற கருவிலயும் மேல கேமரா, கீழ பேட்டரியும் மானிட்டரும், நடுவுல ஒரு தண்டு. அதுல ஸ்பிரிங் கை வேற உண்டு, அது நம்ம வீட்ல ஆகுற வேலை இல்ல.

வீட்லயே இந்த மாதிரி ஒன்னு செய்ய நமக்கு அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) ஒரு அடி துண்டு மூணு போதும், ரெண்டு முனைலயும் மரை போட்டு வாங்குங்க, கூட மூணு பைப்பையும் சேக்குற T வடிவ 'டீ' ஒன்னு, மூணு மூடி. மேல போற பைப்புல கேமரா, கீழ போறதுல எடை, பக்கத்துல நீட்டுறது கைப்பிடி. மேல் மூடில ஓட்டை போட்டு உள்ள இருந்து போல்ட்ட ஏத்தி நட்டு போட்டு இறுக்கணும். இங்கதான் கவனம்: கடைல "ரெண்டு நூல் போல்ட்டு"னு கேளுங்க, அதாவது கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. 6 எம்.எம். குடுத்து "இதுவும் அதே சைஸ்தான்"னு சொன்னா வாங்காதீங்க. கேமரா ஓட்டை 6.35, மரை இடைவெளி 1.27 மி.மீ., 6 எம்.எம். போல்ட்டுல மரை இடைவெளி 1 மி.மீ.தான். லூசா உள்ள போகும், இறுக்குனா கேமராவோட மரை காலி.

எடைக்கு ஜிம் தட்டெல்லாம் வேணாம், வலை சாமான் விக்கிற கடைல ஈயக்குண்டு கிடைக்கும். தண்ணியவிட 11 மடங்கு கனம், சின்னதா இருக்கும், ஒன்னு ரெண்டு கூட்டி குறைக்கலாம். மேல டேப் சுத்திருங்க, ஈயம் கைல ஒட்டக்கூடாது.

இது சடசடனு வர்ற ஆட்டத்த அடக்கும், ஆனா கைய மெதுவா சாய்ச்சா பைப்பும் கூடவே சாயும். அதுவும் வேணாம்னா கேமரா தட்டுக்கு நேர் அடில எல்லா பக்கமும் திரும்புற குண்டு மூட்டு, அதாவது ஒரு பால் ஜாயின்ட், அதுக்கு கீழ கைப்பிடி, தட்டுல இருந்து வளைஞ்சு கீழ இறங்குற இரும்புப் பட்டை முனைல ஈயம்னு மாத்திக்கலாம். கை எப்படி சாஞ்சாலும் ஜாயின்ட் வழியா அந்த திருப்பம் மேல போகாது. மொத்த எடையோட மையம் ஜாயின்ட்டுக்கு லேசா கீழ இருக்கணும், லேசாதான். நெறைய பேர் கீழ கனம் போட்டா நிலையா நிக்கும்னு நெனச்சு ஏத்திக்கிட்டே போவாங்க, அப்ப நடக்க ஆரம்பிக்கும்போதும் நிக்கும்போதும் ஊஞ்சலாட்டம்தான். படுக்க வச்சு விட்டுப் பாருங்க, ரெண்டு செகண்டுக்குள்ள விறுட்டுனு நிமிந்தா ஈயத்த குறைங்க.

மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து வீசுற மாசத்துல தனுஷ்கோடிக்கு ஜாயின்ட் மாடல கொண்டு போறது வீண் வேலை, காத்தே கேமராவ திருப்பி விட்ரும், பைப் மாடல ரெண்டு கையால புடிங்க. எதுலயும் நடக்கும்போது வர்ற மேல கீழ குலுக்கல் போகாது, முட்டிய கொஞ்சம் மடக்கி நடக்கணும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில நனைச்ச துணியால தொடச்சு மரைல கிரீஸ் தடவுங்க, மரை வெட்டுன எடத்துல துத்தநாகப் பூச்சு போயிருக்கும், உப்புக்காத்துக்கு துரு மொதல்ல அங்கதான் புடிக்கும்.