பெட்டியில் 5760, படத்துக்கு 300

பேத்தியின் சீருக்கு எடுத்த படத்தை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஏ4 அளவுக்கு அச்சிட விரும்பும் பெருந்துறை வாசகர் ஒருவர், பிரிண்டர் பெட்டியில் 5760 × 1440 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருப்பதால் படத்திலும் அங்குலத்துக்கு அத்தனை பிக்சல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை, 300 தாராளம்.

நல்ல பார்வை உடையவரின் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். முப்பது செ.மீ. தொலைவில் அது ஏறத்தாழ 0.09 மி.மீ.; அங்குலத்துக்கு 290 புள்ளிகள். 300 என்ற எண் இதை ஒட்டியே நிற்கிறது. ஏ4 தாளை நிரப்ப 2480 × 3508 பிக்சல், அதாவது 87 லட்சம் போதும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 இருந்தாலே குறை தெரியாது.

அப்படியானால் பிரிண்டருக்கு 5760 எதற்கு? திரையின் பிக்சல் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான நிறங்களில் எதையும் காட்டும். பிரிண்டரிடமோ நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு எனப் பெரும்பாலும் நான்கே மைகள்தாம். துளியை விடலாம் அல்லது விடாமல் இருக்கலாம். சில பிரிண்டர்கள் துளியின் அளவை இரண்டு மூன்று படிகளில் மாற்றும், அவ்வளவே. விசைத்தறிக் கூடத்தில் இழை எண்ணும் உருப்பெருக்கியான பிக் கிளாஸ் கிடைத்தால், அச்சான முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மாநிறக் கன்னத்தில் மாநிறமே இருக்காது. மஞ்சளும் மெஜந்தாவும் நெருங்கியும் நீலம் அங்கங்கே விலகியும் தூவிக் கிடக்கும்.

எந்த இடத்தில் துளி விழ வேண்டும் என்று முடிவு செய்யும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற கணினி ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட வழி இது. இன்றைய பிரிண்டர்கள் பலவும் இதன் வழிவந்த முறைகளையோ வேறு சிதறல் முறைகளையோ கையாள்கின்றன. ஓரிடத்தில் 40 விழுக்காடு கறுப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஐம்பதுக்குக் குறைவு, எனவே துளி இல்லை. ஆனால் அந்த 40, மளிகைக் கடைப் பாக்கியைப் போலப் பக்கத்து இடங்களின் கணக்கில் ஏறுகிறது: வலப்புறத்துக்கு பதினாறில் ஏழு பங்கு, நேர் கீழே ஐந்து, கீழ் இடப்புறத்துக்கு மூன்று, கீழ் வலப்புறத்துக்கு ஒன்று. வலப்புற இடத்துக்கும் 40தான் வேண்டும் என்றால், வந்து சேர்ந்த 17.5 உடன் அது 57.5 ஆகிறது, ஐம்பதைத் தாண்டியதால் துளி விழுகிறது. இப்போது 42.5 கூடுதல், அதை அடுத்த இடங்கள் அதே விகிதத்தில் கழித்துக்கொள்கின்றன. இப்படியே தாள் முழுவதும் போனால், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சராசரி 40ஐ ஒட்டியே நிற்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே தேவைப்படும் இதைப் பிளஸ் டூ கணினிப் பாடத்தில் வைக்காதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

படத்தின் ஒரு பிக்சலுக்கு 300இல் ஒரு அங்குலம் இடம் என்றால், அதற்குள் துளி விழக்கூடிய இடங்கள் அகலத்தில் 19, உயரத்தில் 5 என ஏறத்தாழ 90 உண்டு. ஒரு துளி பக்கத்து இடங்களையும் மூடிவிடும் என்பதால் தொண்ணூறும் தனித்தனியானவை அல்ல. ஆயினும் ஒரு பிக்சலின் நிறச்சாயலை உண்டாக்க அவை போதும். பெட்டியிலுள்ள பெரிய எண் அந்த வேலைக்கானது.

கோப்பில் '72 டிபிஐ' என்று இருப்பதைக் கண்டு அஞ்சுவதும், அதை 300 என மாற்றினால் படம் தெளியும் என்று நம்புவதும், பூனை குறுக்கே போனால் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. பிக்சல்களின் எண்ணிக்கை மாறாதவரை அது வெறும் குறிப்பு. பார்க்க வேண்டியது நீளப்பக்கத்தின் பிக்சல்களைத் தாளின் நீள அங்குலத்தால் வகுத்த விடையை. வாட்ஸ்அப்பில் வந்த படம் 1600 பிக்சல் நீளமே இருந்தால், ஆறு அங்குலத் தாளில் 267 கிடைக்கும், நன்றாக வரும். ஏ4இல் 137தான், கையில் வைத்துப் பார்க்கக் கண் இமைகள் மங்கித் தெரியும். எடுத்தவரிடம் அதே படத்தை, சுருங்காமல் வர, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஃபோட்டோ தாள் வைத்திருந்தால், அச்சிடும் முன் தாள் வகையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். அமைப்பு சாதாரணத் தாள் என்றே இருந்தால், பிரிண்டர் அதற்குரிய மை அளவையே தெளிக்கும். 300 பிக்சல் கொடுத்தும் படம் வெளிறித்தான் வரும்.