முதுகுவலி ஆய்வில் கொழுந்து பறிப்பவர் ஏன் இல்லை?

கீழ்முதுகில் வரும் வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட கீழ்முதுகு வலி என்கிறார்கள் மருத்துவர்கள். 2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகக் கணக்கு. 2050-க்குள் இது 84 கோடியைத் தாண்டுமாம். ஆனால் எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி பணக்கார நாடுகளில் திரட்டியவை. 2018-இல் லான்செட் மருத்துவ இதழின் கட்டுரைத் தொடரும் இதைச் சொன்னது.

முதுகெலும்பு எல்லோருக்கும் ஒன்றுதானே, அப்புறம் என்ன? ஸ்கேனை மட்டும் நம்ப முடிந்தால் இந்தக் கேள்வி நியாயமே. ஆனால் வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் தேய்மானம் தெரிகிறது. 80 வயதில் அது 96 சதவீதம். பெரும்பாலானவர்களின் வலிக்கு ஒற்றைக் காரணம் எதையும் காட்ட முடிவதில்லை. தூக்கும் சுமை, கெட்ட தூக்கம், மனச்சோர்வு, வேலை போய்விடுமோ என்ற பயம், வலியைப் பெரிதாக்கப் பழகிவிட்ட நரம்பு மண்டலம் என எல்லாம் சேர்ந்துதான் வலியை நீடிக்க வைக்கின்றன. இவை ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை ஆய்வு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி, எட்டு வாரம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் தேயிலை எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருக்கும் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் அதில் சேர்ந்தால் பதினாறு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு தனி. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனாலும் அவர் சல்லடையில் நின்றுவிடுகிறார். கடைசிவரை வந்தவர்களுக்குக் கிடைத்த பலன்தான் கட்டுரையாகிறது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தடை, கேள்வித்தாள். முதுகுவலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க உலகெங்கும் பயன்படுத்தும் ரோலண்டு-மோரிஸ் கேள்வித்தாள் 1983-இல் பிரிட்டனில் வந்தது. மொத்தம் 24 வாக்கியங்கள். முதுகுவலியால் கைப்பிடியைப் பிடித்துத்தான் மாடி ஏறுகிறேன், சாய்வு நாற்காலியிலிருந்து எழ எதையாவது பிடிக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் போகும். கோத்தகிரிச் சரிவில் இலை மூட்டையைத் தலையில் தாங்கி எடை போடும் இடத்துக்கு இறங்குபவரிடம் மாடியும் இல்லை, சாய்வு நாற்காலியும் இல்லை. மூட்டையைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை. பல வரிகளுக்கு அவர் 'இல்லை' என்றே சொல்வார், மதிப்பெண் குறையும். பல ஆய்வுகள் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். அவருக்குப் பாதிப்பு போதவில்லை என்றே பதிவாகும்! ஆள் சேர்க்கும் முகாம்களைக் கூட்டுவதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது இந்தத் தாளைத்தான் என்பேன்.

நீலகிரிக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபணு முதன்முதலாக 1952-இல் பதிவானது இந்த மலையின் பழங்குடியினரிடம்தான். இந்நோயில் எலும்புக்கு ரத்தம் தடைபட்டு முதுகிலும் கடும் வலி வரலாம். பரிசோதிக்காமல் எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது ஆபத்து. அதற்காகப் பழங்குடியினரையே ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை போதும், பிரித்துப் பார்க்கலாம்.

வழிகள் இருக்கின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆய்வும் அப்படிப் போகலாம். இழந்த கூலியைக் கொடுக்கலாம். படுக மொழியிலும் பணியர் மொழியிலும் கேள்விகளை வாயால் கேட்டுப் பதில் வாங்கலாம்.

ஒப்புக்குப் பத்துப் பேரைச் சேர்த்துப் பயனில்லை. ஒரு பயிற்சி பலன் தருகிறதா என்று காண 200 பேர் தேவைப்பட்டால், அந்தப் பலனில் அதே அளவு வித்தியாசம் அலுவலக ஊழியருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் இடையே இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 800 பேர் வேண்டும். அந்தச் செலவை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போதே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.