கார்டெக்ஸ்: மரப்பட்டையிலிருந்து மூளைக்கு வந்த சொல்

‘புறணி’ என்றால் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கதையை மெல்லுவதுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அதே சொல்தான் மூளையின் கார்டெக்ஸுக்கும் தமிழ்ப் பெயர். சிரிக்க வேண்டாம், இரண்டுக்கும் வேர் ‘புறம்’. முதுகுக்குப் பின்னால் பேசினாலும் புறணி, ஓர் உறுப்பின் வெளிப்பக்க அடுக்கும் புறணி.

கார்டெக்ஸ் லத்தீன் சொல், மரப்பட்டை என்று பொருள். மூளையை அறுத்தால் உள்ளே வெளிறிய திரள், மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய உறை. அந்தத் தோற்றத்துக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் பட்டை என்றாலே உரித்துப் போடுகிற விஷயம்தானே, அந்த அலட்சியம் இதன்மேலும் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூளையின் மடிப்புகளுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்று பண்டைய கிரேக்க மருத்துவர் எராசிஸ்ட்ராடஸ் சொன்னதை, கழுதைக்கும்தான் மடிப்பு இருக்கிறது என்று பின்னால் வந்த இன்னொரு கிரேக்க மருத்துவர் காலன் (Galen) தட்டிவிட்டார். 17ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்த இத்தாலிய மருத்துவர் மால்பிகிகூட இது சுரப்பிகளின் கூட்டம் என்றுதான் எழுதினார்.

இந்தச் சொல் மூளைக்கு மட்டும் சொந்தமில்லை. சிறுநீரகத்துக்கும் புறணி உண்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் உண்டு. மன அழுத்தம் என்றதும் எல்லோரும் பேசுகிற கார்ட்டிசோல் அந்த அட்ரினல் புறணியில் சுரப்பதால்தான் அந்தப் பெயர். அதனால் மூளையைப் பற்றி எழுதும்போது முதல் இடத்திலாவது ‘பெருமூளைப் புறணி’ என்று முழுசாக எழுதுவது நல்லது.

சரி, ‘பட்டை’ என்றே மொழிபெயர்த்தால் என்ன? செடியின் தண்டில் புறத்தோலுக்கு உள்ளே இருக்கிற அடுக்கைத் தாவரவியல் பாடத்தில் புறணி என்றுதான் படித்தோம், பட்டை வேறு. ‘மேலோடு’ இன்னும் மோசம்: மண்டையோடு பக்கத்திலேயே இருக்கிறது, குழப்பம்தான் வரும், போதாததற்கு இது ஓடுபோல் கெட்டியானதும் இல்லை. என் ஓட்டு புறணிக்கே.

பெருமூளைப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். விரித்துப் போட்டால் ஏறக்குறைய ஒரு செய்தித்தாள் பக்கம் அளவு வரும், அதைக் கசக்கி மண்டைக்குள் திணித்ததுபோல் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள், மொத்தம் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள். பின்பக்கம் பார்வை, காதோரம் கேட்டல், நெற்றிப் பக்கம் திட்டமிடுதல். ஒரு ஃபோன் எண்ணைக் கேட்டு, எழுதி முடிக்கும்வரை மனதில் பிடித்து வைத்திருக்கிறோமே, அதில் நெற்றிப் பக்கத்துக்குப் பெரும் பங்கு.

கவனத்தின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1978இல் பிசியாக், லுசாட்டி என்ற இரண்டு இத்தாலியர்கள், மூளையின் வலப்பக்கம் அடிபட்ட நோயாளிகளிடம் மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனதுக்குள் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள், இடப்பக்கத்தில் பெரும்பாலும் எதுவும் இல்லை. அப்புறம், ஆலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், விட்டுப்போன கட்டடங்களெல்லாம் வந்துவிட்டன, முதலில் சொன்னவை காணாமல் போயின! ஆக, நினைவு அழியவில்லை, கவனம்தான் இடப்பக்கம் போக மறுத்திருக்கிறது. இந்த ஆய்வு வந்த இதழின் பெயரும் ‘கார்டெக்ஸ்’தான்.

நனவு, அதாவது சுயநினைவோடு இருக்கும் நிலை, என்று வரும்போது புறணிக்கே முழுப் பட்டமும் கட்டக் கூடாது. விழிப்பைத் தூண்டி விடுவது கீழே இருக்கும் மூளைத்தண்டு. அங்கே சின்னக் காயம்கூட ஆளை ஆழ்மயக்கத்தில் தள்ளிவிடும், ஆனால் புறணியில் ஒரு பெரிய துண்டே போனாலும் விழித்திருப்பவர்கள் உண்டு. வெறும் எண்ணிக்கையும் கணக்கில்லை: சிறுமூளையில் சுமார் 6,900 கோடி நரம்பணுக்கள், அது பிறவியிலேயே இல்லாதவர்களும் நனவோடுதான் வாழ்கிறார்கள். புறணியும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியும் ஓயாமல் சேதி மாற்றிக்கொள்வது நனவுக்கு முக்கியம் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து, அந்தச் சேதி அனுபவமாக மாறுவது எப்படி என்பதில் இன்னும் சண்டைதான்.

‘நனவு’ என்ற சொல்லையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், திருக்குறளிலேயே கனவுக்கு எதிராக நிற்கிற சொல் அது. பேச்சில் ‘நினைவு தப்பிடுச்சு’ என்போம், ஆனால் கட்டுரையில் அதையே எழுதினால் ஞாபக மறதி என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். கடைசியாக ஒன்று: நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸை ‘முன்மூளைப் புறணி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்மூளைக்குள் பெருமூளை மொத்தமும் தலாமஸும்கூட அடங்கும். ‘முன்நெற்றிப் புறணி’ என்று எழுதுங்கள்.