டெக்ஸ்சரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

“அண்ணா, இந்த லாட்டுல டெக்ஸ்சர் சரியா விழல.” பெங்களூரில் சோலார் செல் தயாரிப்பு வரிசையில் வேலை பார்க்கும் தமிழர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடுவோர் அகராதியைப் புரட்டி ‘இழையமைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வேஃபரில், அதாவது செல் செய்யும் மெல்லிய சிலிக்கான் வில்லையில், ஓர் இழையும் இல்லை.

இழை வந்த வழி இது. லத்தீனில் ‘டெக்செரே’ என்றால் நெய்தல். அதிலிருந்து வந்த ‘டெக்ஸ்சர்’ முதலில் நெசவைக் குறித்தது, பிறகு துணியின் தொடுவுணர்வை, அதன்பின் எந்தப் பரப்பின் தன்மையையும். ‘டெக்ஸ்ட்’, ‘டெக்ஸ்டைல்’ இரண்டும் இதே வேரில் பிறந்தவை. நம் ‘நூல்’ பஞ்சு நூலையும் படிக்கும் நூலையும் ஒருசேரக் குறிப்பது போலத்தான். மரத்துக்கும் துணிக்கும் இழையமைப்பு பொருந்தும். சிலிக்கானில் நடப்பது வேறு: ஒளி திரும்பிப் போகாதபடி அதன் பரப்பில் நுண்ணிய பிரமிடுகளை எழுப்புவதுதான் அங்கே டெக்ஸ்சரிங்.

மெருகேறிய சிலிக்கான் கண்ணாடிபோல் மின்னும். சிவப்பு ஒளிக்கு அதன் ஒளிவிலகல் எண் சுமார் 3.9. அதனால் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 35 சதவீதம் திரும்பிப் போய்விடும். பரப்பு முழுவதும் சில மைக்ரான் உயரப் பிரமிடுகள் எழும்பினால், ஒன்றின் சரிவில் பட்டுத் தெறித்த ஒளி மேலே போகாமல் சற்றுக் கீழ்நோக்கிப் போய்ப் பக்கத்துப் பிரமிடில் மோதும். முதல் மோதலில் தப்பிய 35 சதவீதத்தில் மறுபடி 35 சதவீதம்தான் தப்பும், அதாவது சுமார் 12. மேலே 75 நானோமீட்டர் அளவில் சிலிக்கான் நைட்ரைடு பூசினால் இழப்பு இன்னும் பல மடங்கு குறையும்.

பிரமிடைச் செதுக்குவது உளி அல்ல, படிகமேதான். படிகத்தில் அணுக்கள் அடுக்கிய தளங்களை 100, 111 என்று எண்ணிட்டு அழைப்பார்கள். 100 தளத்தில் வெட்டிய வேஃபரைக் காரக் கரைசலில் இட்டால், 111 தளங்கள் மிக மெதுவாகவே கரையும். அவை 54.7 பாகைச் சரிவாக நின்றுவிடும். 1 முதல் 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 80 டிகிரி வெப்பம், கூடவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது இப்போது ஆலைகள் விரும்பும் வேறு சேர்க்கைப்பொருள். கரையும்போது ஹைட்ரஜன் குமிழி எழும். குமிழி ஒட்டிக்கொண்ட இடத்தில் கரைசல் படாது. குமிழியை விலக்கத்தான் அந்த ஆல்கஹால். அது 82 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே ஷிப்ட் நடுவில் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். அளவைப் பார்த்துச் சேர்க்காவிட்டால் காலையில் வந்த பிரமிடு மாலையில் வராது. கரைந்த சிலிக்கான் சிலிகேட்டாகத் தொட்டியில் சேரச் சேரக் கரையும் வேகமும் மாறும்.

நன்றாக விழுந்த வேஃபர் எங்கும் ஒரே மங்கிய கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். அங்கங்கே பளபளத்தால் அங்கே பிரமிடு இல்லை. கையுறை இல்லாமல் தொட்ட விரல் எண்ணெய்கூட, ரேகையோடு அப்படியே தெரியும். எவ்வளவு கரைந்தது என்று பார்க்கத் தராசு போதும். 182 மி.மீ. வேஃபரின் ஒரு பக்கப் பரப்பு ஏறத்தாழ 330 சதுர செ.மீ. எடை 0.5 கிராம் குறைந்தால், சிலிக்கானின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.33 கிராம் என்பதைக் கொண்டு கணக்கிட, பக்கத்துக்கு 3.2 மைக்ரான் கரைந்திருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘சொரசொரப்பாக்கல்’ எல்லோருக்கும் புரியும். ஆனால் கம்பியால் அறுத்து வந்த வேஃபரும் சொரசொரப்புதான், அந்தச் சேதத்தை நீக்கிவிட்டுத்தான் இந்த வேலையே தொடங்கும். ‘அரித்தல்’ என்றால் வேறு சிக்கல். அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 20 சதவீதத்துக்குக் கூட்டினால் பிரமிடு எழாது, பரப்பு வழவழப்பாகிவிடும். அதுவும் அரித்தல்தான். ஒரே சொல் இரண்டு எதிர்வேலைகளுக்கும் ஆகாது.

இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: பொளிதல். தேய்ந்து வழவழத்த அம்மியை உளியால் கொத்துவதற்கு அந்தப் பெயர். அல்சூர் பக்கத் தமிழ் வீடுகளில் இன்னும் அம்மி வைத்திருப்போர் ‘கொத்துதல்’ என்பார்கள். வழுக்கிப் போவதைப் பிடித்து நிறுத்தவே அம்மியைப் பொளிகிறோம், வேஃபரிலும் நோக்கம் அதேதான். பொளிதல், பொளிந்த பரப்பு, பொளிதொட்டி என்று சொற்கள் தாமாகக் கிளைக்கும். பல்படிகச் சிலிக்கானில் சிறு சிறு படிக மணிகள் வெவ்வேறு திசை பார்ப்பதால் காரம் சீராகப் பிரமிடு தராது. அங்கே ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை. அதை ‘அமிலப் பொளிவு’ எனலாம்.

பொளிந்தால் குழிதானே விழும், இங்கே மேடல்லவா எழுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் உயர்திறன் செல்களில் கரையக் கூடாத இடங்களை ஒரு படலத்தால் மூடிவிட்டு, பரப்பைத் தலைகீழ்ப் பிரமிடுகளாகக் கரைத்தார்கள். அவை எழுத்துக்கு எழுத்து பொளிந்த குழிகள்தான்.