சர்வைவல் கேம்: பிழைத்தால் பிழைக்க முடியாத ஆட்டம்

போன சனிக்கிழமை இரவு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஆறு பேர் செத்தார்கள். தொலைக்காட்சியில்தான். ஒருவரையொருவர் அறியாத சிலர் பூட்டிய கட்டடத்துக்குள் கண் விழிக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் விதிகளைச் சொல்கிறது. அப்புறம் அறைக்கு ஒருவராகப் போய்ச் சேருகிறார்கள். அக்காள் மகன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்யா, இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாவமெல்லாம் இல்ல பாட்டி. இது சர்வைவல் கேம்."

"அப்படின்னா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "மாமா, இதுக்குத் தமிழ்ல என்ன?"

இந்த ஊர்ப் பெயரைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். மலாயில் சுங்கை ஆறு, சிப்புட் நத்தை. ஆனால் சர்வைவலுக்கு வாய் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து யோசித்ததுதான் இது.

'சர்வைவ்' இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'சூப்பர்' என்றால் மேல், அப்பால். 'விவேரே' என்றால் வாழ்தல். இரண்டும் சேர்ந்து, ஒருவருக்குப் பிறகும் வாழ்ந்திருப்பது என்ற பொருள் வந்தது. இன்னொருவர் போனால்தான் அந்தச் சொல்லுக்கே முழு வேலை. கடைசியில் ஒருவர்தான் மிஞ்சலாம் என்று விதி வைக்கும் படங்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பொருளைக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன.

தமிழில் கதை வேறு. நாம் சொல்வது 'உயிர் பிழைத்தான்'. இந்தப் பிழைத்தலுக்குப் பழைய பொருள்களில் ஒன்று குறி தவறுதல். 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்கிறது குறள் (772). முயலைத் தைத்த அம்பைவிட, யானைமேல் எறிந்து தவறிய வேலைக் கையில் வைத்திருப்பது மேல். வேல் பிழைத்தது, அதனால் யானையும் பிழைத்தது! இலத்தீன்காரன் பக்கத்தில் விழுந்து கிடப்பவனைப் பார்த்துச் சொல் செய்தான். தமிழன் தன் காதோரம் போன வேலைப் பார்த்துச் செய்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. பிழை என்றால் குற்றமும் ஆகும். தப்பு என்ற சொல்லும் அதே மாதிரி: செய்தால் தப்பு, ஓடினால் தப்பித்தல். இவற்றோடு பிறந்த தம்பி மாதிரி இருக்கும் 'தவறு' மட்டும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. "பெரியவர் தவறிட்டார்" என்று யாராவது சொன்னால் கையில் மாலையோடு போகவேண்டும்.

இந்த வகைப் படங்களின் மொத்தத் திரைக்கதையும் இந்த மூன்று சொற்களுக்குள் இருக்கிறது. தப்பான கதவைத் திறந்தவன் தப்புவதில்லை. பிழைத்தால் பிழைக்க முடியாது. 'எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்' (896) என்று நெருப்பில் மாட்டியவனுக்குக்கூட வழி விட்ட வள்ளுவரும், பெரியவர்களிடம் பிழைத்தவனுக்கு வழி விடவில்லை. இந்தக் குறளில் இருக்கும் 'உய்வு' சர்வைவலுக்கு நல்ல நேர்ச்சொல்தான். ஆனால் இன்று அதில் விபூதி வாசம் அடிக்கிறது. 'உய்வாட்டம்' என்று போட்டால் திருவிழா என்று நினைத்து வந்துவிடுவார்கள்.

பிழைப்பு என்ற சொல் தோட்டத்தில் இன்னொரு கனம் ஏறிய சொல். எங்கள் முன்னோர் மலாயாவுக்கு வந்ததை 'பஞ்சம் பிழைக்க வந்தோம்' என்றுதான் சொன்னார்கள். 1942, 43இல் ஜப்பானியர்கள் ஆசை காட்டியும் ஆள் பிடித்தும் தோட்டத் தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அடியும் பசியும் காலராவும் தாண்டித் திரும்பியவர்களைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் 'பிழைச்சு வந்தவங்க' என்றார்கள். அம்மா அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். அவருக்கு அந்தப் படம் விளையாட்டாகத் தெரியாததில் வியப்பில்லை.

விளையாட்டு என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே' என்கிறது, உணர்ச்சிகளைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல். துன்பம் கலக்காத மகிழ்ச்சி நான்கில் விளையாட்டும் ஒன்று. ஆகவே 'மரண விளையாட்டு' என்று எழுதுவது எனக்கு ஒட்டவில்லை. அதே இயல் அச்சத்துக்கும் நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்ப்படம் அணங்கு. சுறா, முதலை வரும் படம் விலங்கு. வீடு புகுந்து கழுத்தில் கத்தி வைப்பது கள்வர். நான்காவதாக வரும் 'தம் இறை', தன்மேல் அதிகாரம் உள்ளவன். ஒலிபெருக்கிக் குரல் அவன்தான்.

'கேம்' என்பதற்கு ஆட்டம் பொருந்தும். ஆடுவது தன்வினை, ஆட்டுவது பிறவினை. 'ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே' என்று அப்பர் சிவனைப் பார்த்துப் பாடினார். படத்தில் மாட்டியவர்களும் ஆடவில்லை, ஆட்டப்படுகிறார்கள். பயத்தில் கைகால் ஆடுவதும் கணக்கில் சேரும்.

மலாயில் இதைப் 'பெர்மாயினான் மாவுத்' எனலாம். அந்த மாவுத் அரபு வழி வந்தது. நம் தமிழ் முஸ்லிம்கள் 'மௌத்தாகிட்டார்' என்று சொல்லும் அதே மௌத்துதான்.

நடுவில் ஒரு சங்கதி. இந்த வகைப் படங்களைப் பெரிய வியாபாரமாக்கிய 2004ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய ஜேம்ஸ் வான் நம் சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்தவர். ஆங்கிலத்தில் ரம்பம் என்று பொருள்படும் ஒற்றைச் சொல்தான் படத்தின் பெயர். அதை நான் தமிழில் 'சா' என்று எழுதுவேன். தமிழில் அது ஏவல் வினை. இதைவிடப் பொருத்தமாக மொழிபெயர்க்க யாராலும் முடியாது.

சரி, முடிவாக என்ன சொன்னேன்? பேச்சிலும் கட்டுரையிலும் 'உயிர் பிழைக்கும் ஆட்டம்'. எல்லாருக்கும் புரியும். தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் 'பிழையாட்டம்'. குற்றம், குறி தவறல், உயிர் தப்பல் மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

அக்காள் மகனுக்குப் பிழையாட்டம்தான் பிடித்தது. பள்ளிக்கு எழுதும் திரை விமர்சனத்துக்கு அதையே தலைப்பாக்கினான். அம்மாவிடம் வாசித்தும் காட்டினான்.

"அது சரி," என்றார் அம்மா, "யாராச்சும் பிழைச்சாங்களா, இல்லையா?"

அவர் பாதியிலேயே எழுந்து படுக்கப் போய்விட்டிருந்தார்.