இரண்டு சுருக்கங்களை அடுத்தடுத்து எழுதினால் அது ஒப்பீடு ஆகாது

வரலாற்று விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கேள்வி இதுதான்: 1789இன் பிரெஞ்சுப் புரட்சியையும் 1917இன் ரஷ்யப் புரட்சியையும் அவற்றின் காரணங்களை வைத்து ஒப்பிடுக. பெரும்பாலான தாள்களில் முதல் இரண்டு பக்கம் பிரான்ஸ், அடுத்த இரண்டு பக்கம் ரஷ்யா. கடைசியில் மூன்று வரி: "இவ்வாறு இரு புரட்சிகளுக்கும் இடையே பல ஒற்றுமைகளும் பல வேற்றுமைகளும் காணப்படுகின்றன." ஆண்டுகள் சரி, பெயர்கள் சரி, நடந்தவை எல்லாம் சரி. ஆனால் கேட்ட கேள்விக்கான பதில் அந்தக் கடைசி மூன்று வரியில்தான் தொடங்குகிறது, அங்கேயே முடிந்தும் போகிறது.

படிக்காமல் வந்தவர் மதிப்பெண் இழந்தால் அது வேறு கதை. இவர்கள் படித்தவர்கள். இரவெல்லாம் கண்விழித்து மனப்பாடம் செய்தவர்கள். பாதி மதிப்பெண்ணோடு திரும்பி வந்து, "எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன், எதுக்கு மார்க் குறைச்சீங்க?" என்று கேட்கிறார்கள். வருடா வருடம் இதே கேள்வி, இதே ஏமாற்றம். அதற்கான பதிலை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நிகழ்வுகளும் உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால், இரண்டு தனிக் கேள்விகள் கேட்டிருப்பார்கள். ஒன்றாகச் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் படிக்கும்போது கண்ணில் படாத ஏதோ ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தெரிய வரும். அதை நீங்கள் கண்டீர்களா என்பதுதான் கேள்வி. நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, முதல் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் மாறி மாறிப் புரட்டி, "ஓ, இங்கே வரி இருக்கிறது, அங்கே போர் இருக்கிறது" என்று நான் கண்டுபிடித்தால், ஒப்பிட்டது நான். நான் செய்த வேலைக்கு உங்களுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? திருத்துகிறவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். விடைக்குறிப்பிலேயே ஒப்பீட்டுக்குத் தனி இடம் இருக்கும். தகவலுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். அதற்கு மேலே கொடுக்கக் கை நீண்டாலும், தாளில் எதுவும் இருக்காது.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்க்கலாம். "இரு நாடுகளும் போரால் பாதிக்கப்பட்டன" என்று பல பேர் எழுதுகிறார்கள். ஒற்றுமை என்று அதற்கு ஒரு எண்ணும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். எந்தப் போர்? எப்போது? புரட்சிக்கு முன்பா, பின்பா?

பிரான்ஸில் ஏழாண்டுப் போரும், 1778இல் அது போய்ச் சேர்ந்த அமெரிக்க விடுதலைப் போரும் விட்டுச் சென்றது கடன். போர் முடிந்துவிட்டது, கடன் முடியவில்லை. அரசு கஜானா காலியாகித்தான் பதினாறாம் லூயி 1614க்குப் பிறகு கூட்டப்படாத ஸ்டேட்ஸ் ஜெனரலை (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவின் பிரதிநிதிகள் சபையை) 1789 மே மாதம் கூட்ட வேண்டி வந்தது. புரட்சி வெடித்தபோது பிரான்ஸ் பெரிய போர் எதிலும் இல்லை. ஆஸ்திரியா மீது அது போர் அறிவித்தது 1792 ஏப்ரலில், புரட்சி தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆன பிறகு. ரஷ்யாவிலோ 1914இல் தொடங்கிய முதல் உலகப் போர் நடந்துகொண்டே இருக்கிறது. ராணுவம் நொறுங்குகிறது, ரயில்கள் போர்முனைக்கே போதவில்லை, தலைநகர் பெட்ரோகிராடுக்கு மாவு வந்து சேரவில்லை. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் 1915இல் படைத்தலைமையைத் தானே எடுத்துக்கொண்டதால் ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரில் எழுதப்படுகிறது. 1917 மார்ச்சில் அவர் பதவி விலகும்போதும் போர் ஓயவில்லை.

இப்போது பாருங்கள். ஒற்றுமை என்று எழுதிய வரிக்குள் ஒரு வேற்றுமை ஒளிந்திருந்தது. ரஷ்யாவில் நடந்துகொண்டிருந்த போர் புரட்சியைக் கொண்டுவந்தது. பிரான்ஸில் பழைய போர்களின் கடன் புரட்சிக்கு வழி திறந்தது, அந்தப் புரட்சி பிறகு ஒரு புதிய போருக்குள் போனது. இன்னும் ஒரு படி இறங்கினால் மறுபடியும் ஒற்றுமை வருகிறது. 1792இன் போர் பிரான்ஸில் மிதவாதிகளின் காலடியைப் பறித்தது. அந்த ஆகஸ்டிலேயே அரண்மனை தாக்கப்பட்டது, செப்டம்பரில் மன்னராட்சி ஒழிந்தது, 1793 ஜனவரி 21இல் லூயி கொல்லப்பட்டார். ரஷ்யாவில் ஜாருக்குப் பின் வந்து, போரை நிறுத்த மறுத்த தற்காலிக அரசு எட்டு மாதம்கூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டு இடத்திலும் முதல் கட்டத் தலைவர்களைத் தள்ளிவிட்டதில் போருக்குப் பெரிய பங்கு உண்டு. காரணங்களை மட்டும் கேட்ட கேள்வி என்றால் இந்தக் கடைசிப் பகுதியை ஒரு வரியில் தொட்டுவிட்டு விட வேண்டும். விளைவுகளையும் கேட்டால் இதுவே உங்கள் கட்டுரையின் மையம்.

ரொட்டியும் அப்படித்தான். 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு, மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய்க்கு நடந்தார்கள். 1917 மார்ச் 8 அன்று பெட்ரோகிராடில் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அழகான ஒற்றுமை, எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் பெட்ரோகிராடில் அது தொடக்கம். பாரிஸில் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்து ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிவிட்டது. அங்கே பெண்களின் நடை மன்னரைப் பாரிஸுக்கு இழுத்து வந்தது, புரட்சியைத் தொடங்கி வைக்கவில்லை. தட்டுப்பாட்டின் காரணமும் ஒன்றல்ல: பிரான்ஸில் 1788இன் விளைச்சல் கெட்டது, ரஷ்யாவில் தானியத்தை நகரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. (இடையில் ஒரு விஷயம். ரஷ்யாவில் அப்போது நம்முடையதைவிடச் சில நாள் பின்தங்கிய பழைய நாட்காட்டி இருந்ததால்தான் மார்ச்சில் நடந்தது பிப்ரவரிப் புரட்சி எனப்படுகிறது. ஒரே கட்டுரையில் இரண்டு நாட்காட்டியையும் கலக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.)

அடுத்து, "ஆனால்" என்ற சொல்லைப் போட்டுவிட்டால் ஒப்பீடு வந்துவிடும் என்ற நம்பிக்கை. "பிரான்ஸில் சமூகம் மூன்று பிரிவாக இருந்தது. ஆனால் ரஷ்யாவில் போல்ஷ்விக் கட்சி இருந்தது." இந்த இரண்டு வாக்கியத்தையும் இணைக்க எதுவுமே இல்லை. ஒருபக்கம் சமூக அமைப்பு, மறுபக்கம் அரசியல் அமைப்பு. பிரான்ஸின் சமூகப் பிரிவுகளைச் சொன்னால், ரஷ்யாவின் நிலவுடைமையாளர், விவசாயி, ஆலைத் தொழிலாளி ஆகியோரைச் சொல்ல வேண்டும். லெனின் தலைமையிலான போல்ஷ்விக்குகளைச் சொன்னால், 1789இல் அப்படி ஆயத்தமான கட்சி எதுவும் பிரான்ஸில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாததைச் சொல்வதும் ஒப்பீடுதான், பல நேரம் அதுதான் நல்ல ஒப்பீடு. ஒரு பக்கத்தை முழத்திலும் மறுபக்கத்தைப் படியிலும் அளந்துவிட்டு எது பெரிது என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

"ஒன்று 18ஆம் நூற்றாண்டில் நடந்தது, மற்றது 20ஆம் நூற்றாண்டில் நடந்தது" என்பதையெல்லாம் தயவுசெய்து வேற்றுமை என்று எழுதாதீர்கள். அது கேள்வியிலேயே இருக்கிறது. அந்த இடைவெளியால் என்ன மாறியது என்று எழுதுங்கள். பிரான்ஸில் பெரிய ஆலைத் தொழிலாளர் வர்க்கம் இல்லை. பெட்ரோகிராடில் பிரம்மாண்டமான ஆலைகள் இருந்தன. ரஷ்யப் புரட்சியாளர்கள் பிரெஞ்சுப் புரட்சியைப் படித்து, அதை முன்னால் வைத்துக்கொண்டே விவாதித்தவர்கள். அது வேற்றுமை.

இன்னொரு நோய், மனப்பாடத் தீர்ப்பு. நெப்போலியன் போர்களை ஒட்டி 1814-15இல் கூடிய வியன்னா மாநாட்டையும், முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கையையும் ஒப்பிடச் சொன்னால், "வியன்னா தோற்ற நாட்டிடம் மென்மை காட்டியது, வெர்சாய் கடுமை காட்டியது" என்ற ஒற்றை வரி கைடிலிருந்து அப்படியே வந்து இறங்குகிறது. 1814இல் அது உண்மை. பிரான்ஸிடம் இழப்பீடே கேட்கவில்லை. ஆனால் நெப்போலியன் திரும்பி வந்து வாட்டர்லூவில் தோற்ற பிறகு, 1815 நவம்பரில் கையெழுத்தான இரண்டாம் பாரிஸ் உடன்படிக்கையில் 70 கோடி பிராங்க் இழப்பீடு உண்டு, 1790இன் எல்லைக்குச் சுருக்கம் உண்டு, ஐந்து ஆண்டு வரை 1,50,000 வீரர்களின் ஆக்கிரமிப்பும் உண்டு. ஆக, இழப்பீட்டை வைத்து மென்மை, கடுமை என்று பிரித்தால் உங்கள் வாதம் பாதியில் உடைந்துவிடும்.

சரி, உண்மையான வேற்றுமை எங்கே? தோற்றவருக்கு எப்போது நாற்காலி கிடைத்தது என்பதில் இருக்கிறது. வியன்னாவில் பிரான்ஸின் சார்பில் அதன் வெளியுறவு அமைச்சர் தாலிரான் உட்கார்ந்து பேரம் பேசினார். ஆக்கிரமிப்புப் படை 1818இலேயே வெளியேறியது, அதே ஆண்டில் பிரான்ஸ் வல்லரசுகளின் கூட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1919இல் ஜெர்மனியைப் பேச்சுவார்த்தைக்கே கூப்பிடவில்லை. எழுதி முடித்ததைக் கையில் கொடுத்தார்கள், ஜூன் 28 அன்று அது கையெழுத்துப் போட்டது. போருக்குப் பின் உருவான நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது 1926இல். இன்னொன்றும் உண்டு: 1815இல் வென்றவர்கள் பழியை நெப்போலியன் தலையில் வைத்துவிட்டு, பழைய அரச வம்சத்து பூர்போன் மன்னரோடு சமாதானம் பேசிக்கொள்ள முடிந்தது. 1919க்குள் ஜெர்மன் பேரரசரான கெய்சர் போய்விட்டார். ஆனால் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு போருக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் வைத்தது, அதில் கையெழுத்திட வேண்டியிருந்தது புதிதாகப் பிறந்த குடியரசு. இப்படி எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். தகவல் ஒன்றும் அரிதானதல்ல, எல்லாம் பாடப் புத்தகங்களில் உள்ளதுதான்.

இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்புக் கேள்வியில் வேறொரு தவறு. இத்தாலியை ஒன்றுசேர்த்த கவூருக்கு எதிரே ஜெர்மனியை ஒன்றுசேர்த்த பிஸ்மார்க், முன்நின்ற அரசான பீட்மாண்டுக்கு எதிரே பிரஷ்யா, இத்தாலி உருவான 1861க்கு எதிரே ஜெர்மனி உருவான 1871 என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஜோடி தவறில்லை. ஆனால் இந்த இரண்டும் தனித்தனித் தீவில் நடந்தவை அல்ல. 1866இல் பிரஷ்யாவும் இத்தாலியும் ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கூட்டாளிகள். இத்தாலிக்கு வெனிஸைச் சுற்றிய வெனிஷியா பகுதி கிடைத்ததே அந்தப் போரால்தான். 1870இல் பிரஷ்யாவோடு போர் வந்து பிரெஞ்சுப் படை ரோமை விட்டுக் கிளம்பியதால்தான் இத்தாலி ரோமுக்குள் நுழைந்தது. ஒப்பிடும் இரண்டும் ஒன்றையொன்று பாதித்திருந்தால், அதைச் சொல்லாமல் விட்டது பெரிய ஓட்டை. கேள்வியைப் பார்த்ததும் இந்த ஒன்றை மட்டும் கட்டாயம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதும் முறைக்கு வருகிறேன். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு அளவுகோல் (போர், ரொட்டி, வரி என்று ஒப்பிட எடுத்த ஒரு அம்சம்), அதே பத்தியில் இரண்டு நாடும். முதலில் பிரான்ஸ் முழுதும், பிறகு ரஷ்யா முழுதும் என்று எழுதித்தான் ஆக வேண்டுமானால், இரண்டாம் பாதியின் ஒவ்வொரு பத்தியிலும் முதல் பாதியைத் திரும்பத் தொட வேண்டும். நேரம் ஓடும் தேர்வு அறையில் அது கைகூடுவது கடினம், அதனால் நான் பரிந்துரைப்பதில்லை. அளவுகோல்கள் மூன்று போதும், நான்கு தாராளம். ஏழு, எட்டு எடுத்தால் எதையும் ஆழமாகச் சொல்ல முடியாது. விடைத்தாளின் நடுவில் கோடு போட்டு அட்டவணை வரையாதீர்கள், கேள்வி அட்டவணை கேட்டாலொழிய. கட்டத்துக்குள் "ஏனென்றால்" எழுத இடமிருக்காது. அட்டவணையை ஓரத்தில் பென்சிலால் திட்டமாகப் போடுங்கள், அது நல்ல பழக்கம்.

ஒற்றுமையும் வேற்றுமையும் சரிசமமாக இருக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அப்படி ஒரு விதி கிடையாது. "எந்த அளவுக்கு ஒத்திருந்தன" என்று கேட்டால், எந்த அளவுக்கு என்பதற்கு முன்னுரையிலேயே பதில் வேண்டும். "தூண்டியவை ஒத்திருந்தன, ஆனால் ரஷ்யாவில் நடந்துகொண்டிருந்த போரும் ஆயத்தமாக இருந்த கட்சியும் பிரான்ஸில் இல்லை, ஆகவே வேற்றுமையே கனமானது." இப்படி ஒரு வாக்கியம் போதும். மாற்றிச் சொல்லி நிறுவினாலும் மதிப்பெண் உண்டு. தீர்ப்பே இல்லாவிட்டால்தான் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு தனிச் சுருக்கத்தை வகுப்புத் தேர்வில் "நன்று" என்று போட்டு அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு அப்போது வலிக்காது, பொதுத் தேர்வில் வலிக்கும். முழுக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டியதில்லை. வரிவிதிப்பு என்ற ஒரே அளவுகோலைக் கொடுத்து, இரண்டு நாட்டையும் வைத்து ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தில் இரண்டு நாட்டின் பெயரும் சேர்ந்து வருகிறது என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அடிக்கோடே விழாத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாணவர்களே, 45 நிமிடக் கேள்வி என்றால் முதல் 7 நிமிடம் எழுதாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் இரண்டாம் பக்கம் போய்விட்டாரே என்று பதறாதீர்கள். அளவுகோல்களைத் தேர்ந்தெடுத்து, கனமானதை முதலில் வையுங்கள். நேரம் போதாமல் போனால் கடைசி அளவுகோலை முழுதாக விட்டுவிடுங்கள், ஒரு நாட்டை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இரண்டு நாட்டையும் வைத்து முடித்த இரண்டு பத்திக்கு என்னால் மதிப்பெண் போட முடியும். பிரான்ஸைப் பற்றி மட்டும் எழுதிய நான்கு பக்கத்தை எத்தனை முறை புரட்டினாலும், ஒப்பீட்டுக்கு உரிய இடத்தில் என்னால் எதுவும் போட முடிவதில்லை.