கொடுப்பனவு நின்றதா? கடிதத் திகதியை முதலில் பாருங்கள்

ஒன்ராறியோவில் வேலைத்தல விபத்திலோ வேலையால் வந்த நோயிலோ ஒருவர் இறந்தால், அவரது குடும்பத்துக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற மாகாண வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதி வாரியம் தொடர்ந்து கொடுப்பனவு வழங்குகிறது. அது திடீரென்று நின்றாலோ குறைந்தாலோ நம்மவர்கள் பலர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சுகிறார்கள். இல்லாவிட்டால் ‘அரசாங்கம் எழுதிவிட்டது, இனி என்ன செய்வது’ என்று கடிதத்தை லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. ஆட்சேபிக்க, முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஆறு மாதம்தான் இருக்கிறது. தொலைபேசியில் எத்தனை தரம் பேசினாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்சேபம் எழுத்தில் போக வேண்டும். முடிவு ஏன் பிழை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

என்னிடம் வரும் கடிதங்களில் அடிக்கடி காண்பது கடைசிப் பிள்ளைக்கு 19 வயதானதும் வருவதுதான். பிள்ளைகள் உள்ள துணைவருக்கு, இறந்தவரின் தேறிய சராசரி வருமானத்தில் 85% கிடைக்கும். கடைசிப் பிள்ளைக்கு 19 ஆனதும் அது நிற்கும். ஆனால் துணைவரின் உரிமை அதோடு முடிவதில்லை. அன்றுதான் மரணம் நடந்ததுபோலக் கொண்டு புதிய கணக்குப் போட வேண்டும் என்கிறது ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சட்டம். அடிப்படை 40%. துணைவருக்கு 40 வயதுக்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் 1% கூடும், கீழே ஒவ்வொரு வயதுக்கும் 1% குறையும். எல்லை 20% முதல் 60% வரை. கணவர் இறந்தபோது மனைவிக்கு 44 வயது, கடைசி மகனுக்கு 19 ஆனபோது 52 வயது என்றால், கிடைக்க வேண்டியது 52%. 44% என்று கணக்கிட்டிருந்தால் அது பிழை. இந்த ஒரு வரியைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். கனடா ஓய்வூதியத் திட்டத்தில் வரும் துணைவர் கொடுப்பனவையும் அவர்கள் கருத்தில் எடுப்பார்கள். ஆகவே எந்தத் தொகையைக் கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

19 தாண்டியும் படிக்கும் பிள்ளைக்கு, இறந்தவரின் அதே வருமானத்தில் 10% கேட்கலாம். இங்கேதான் எங்கள் பெயர்கள் வில்லங்கமாகின்றன. ஒரு தாயின் கோப்பில், யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கல்லூரிக் கடிதத்தில் அதே பெயர் குடும்பப் பெயராகப் பின்னால், வங்கியில் வெறும் முதலெழுத்து. அதிகாரிக்கு அவை மூன்று ஆட்களாகத் தெரிந்தன. மூன்றும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி, கல்லூரிப் பதிவாளரின் முத்திரையிட்ட கடிதம், இரண்டையும் சேர்த்து அனுப்பினோம். கோபமாக எழுதிய ஐந்து பக்கக் கடிதத்தைவிட இப்படியான இரண்டு தாள்களுக்கே பலன் அதிகம்.

மறுமணம் செய்தால் பணம் நின்றுவிடும் என்று பயந்து பல பெண்கள் தனியே வாழ்வதைப் பார்த்து மனம் வருந்துகிறேன். இப்போதைய சட்டத்தின் கீழ் அந்தக் காரணத்துக்காக அது நிற்காது. ஆனால் கொடுப்பனவைப் பாதிக்கக்கூடிய முக்கிய மாற்றம் எதையும் 10 நாட்களுக்குள் அறிவிப்பது கடமை. மறைப்பதுதான் பின்னாளில் வழக்கையே கெடுக்கும்.

சில சமயம் பழைய முடிவையே மறுபரிசீலித்து, ‘மரணத்துக்கு வேலை காரணமல்ல’ என்று நிறுத்துவார்கள். அப்போது கோப்பின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். எந்த மருத்துவ அறிக்கையை வைத்து முடிவெடுத்தார்கள் என்று தெரியாமல் பதில் எழுத முடியாது. இரு பக்கச் சான்றும் ஏறத்தாழச் சமமாக இருந்து தீர்மானிக்க முடியாவிட்டால், கேட்பவருக்குச் சாதகமாகவே முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

வாரியத்துக்குள் தோற்றால் டபிள்யூ.எஸ்.ஐ.ஏ.ரி. என்ற சுயாதீனத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதற்கும் ஆறு மாதம்தான். தொழிற்சங்கத்தில் இல்லாத தொழிலாளரின் குடும்பத்துக்கு மாகாணத்தின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும். காலக்கெடு ஏற்கனவே போய்விட்டதா? நோய், துக்கம், கடிதம் பழைய முகவரிக்குப் போனது என்று உண்மைக் காரணம் இருந்தால், ஆதாரத்தோடு கால நீடிப்புக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள்.